பணத்தை இழந்தவரையும் திரையில் காட்டுங்கள்

தமிழ்த் திரையுலகின் இயக்குநர்களுக்கும் கதாசிரியர்களுக்கும்,

வணக்கம். கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழியில் பிறந்து, டர்பனில் கணக்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் காதில் விழும் இடங்கள் கோயிலும் உங்கள் படங்களுமே. தொழிலதிபர்களின் வாழ்க்கையைத் தழுவி நீங்கள் எடுக்கும் படங்களில் பணம் சேர்த்தவரின் முகம் மட்டுமே தெரிகிறது, இழந்தவரின் முகம் தெரிவதில்லை என்பதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

2007-இல் மணிரத்னம் இந்தியில் எடுத்து, தமிழிலும் வந்த ‘குரு’, ரிலையன்ஸ் நிறுவனர் திருபாய் அம்பானியின் வாழ்க்கையைத் தழுவியது என்று அப்போதே பரவலாகப் பேசப்பட்டது. அம்பானி இளமையில் வேலை பார்த்த ஏடன் துறைமுக நகரம் படத்தில் துருக்கியானது, பெயரும் மாறியது. ஆனாலும் யாருடைய கதை என்பதில் பார்த்தவர்களுக்கு ஐயம் எழவில்லை. உரிமம் கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருந்த அக்கால இந்தியாவில், தொழில் தொடங்கியவர்களின் ஆத்திரம் நியாயமானது. அதைப் படம் நன்றாகவே காட்டியது. என் மனத்தாங்கல் விசாரணைக் காட்சியில்தான். ஆணையத்தின் முன் நாயகன் பேசி முடிக்கும்போது, விதிகளை மீறினாரா என்ற கேள்வி அவர் ஏழ்மையிலிருந்து எழுந்த கதைக்குள் கரைந்துவிடுகிறது. நிஜ மனிதரின் புகழைக் கதைக்கு எடுத்துக்கொண்டு, அவர்மீதான குற்றச்சாட்டுகள் என்று வரும்போது மட்டும் ‘யாவும் கற்பனையே’ என்ற வரிக்குப் பின்னால் ஒதுங்குவது சரியல்ல.

2024-இல் தெலுங்கில் எடுக்கப்பட்டுத் தமிழிலும் வந்த ‘லக்கி பாஸ்கர்’ என்னை இன்னும் கலங்க வைத்தது. பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழல் காலத்துப் பம்பாயில், கடனில் தத்தளிக்கும் வங்கி ஊழியர் ஒருவர் அந்த மோசடியில் கைநனைத்து, இறுதியில் குடும்பத்தோடு வெளிநாட்டில் செழிப்பாகக் குடியேறுகிறார். என்னிடம் படித்து இப்போது வங்கியில் பணிபுரியும் ஒருவன், “மாட்டாம போயிட்டான், அதுதான் டீச்சர் திறமை” என்று என்னிடமே சொன்னான்.

1992-இல் அம்பலமான அந்த ஊழலில் நடந்தது என்ன? அரசுக் கடன்பத்திரத்தை விற்கும் வங்கி, பத்திரத்தை உடனே ஒப்படைக்காமல், ‘பத்திரம் உங்களுடையது, பிறகு தருகிறோம்’ என்று வாங்கும் வங்கிக்கு ஒரு ரசீது எழுதித் தரும் வழக்கம் இருந்தது. கையில் பத்திரமே இல்லாமல், வெற்று ரசீதுகளைச் சில சிறிய வங்கிகள் எழுதிக் கொடுத்தன. அவற்றைக் காட்டிப் பிற வங்கிகளிடம் மேத்தா பெற்ற பணம் பங்குச் சந்தைக்குள் போய் விலைகளை ஏற்றியது. அந்த ஏப்ரலில் பத்திரிகையாளர் சுசேதா தலால் உண்மையை வெளிக்கொணர்ந்தபின் சந்தை சரிந்தது. உச்ச விலையில் பங்கு வாங்கியிருந்த சாதாரணக் குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. மேத்தா 2001 டிசம்பர் 31 அன்று காவலில் இருக்கும்போதே இறந்தார். படமோ நாயகனோடு விமானம் ஏறிவிடுகிறது; அந்தக் குடும்பங்கள் என்ன ஆயின என்று அது கேட்பதில்லை.

அந்தப் பின்கதை எங்கள் நாட்டுக்கு நன்றாகத் தெரியும். 2018-இல் இங்கே விபிஎஸ் என்ற சிறு வங்கி கவிழ்ந்தது. எங்கள் நாட்டு ரிசர்வ் வங்கி நியமித்த வழக்கறிஞர் டெரி மோட்டாவின் அறிக்கை, எங்கள் நாணயத்தில் ஏறத்தாழ 190 கோடி ராண்ட் சூறையாடப்பட்டதாகக் கண்டது. நம்மவர்கள் சீட்டுப் பிடிப்பதுபோல, லிம்போபோ மாகாணக் கிராமப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சேர்த்த பணமும், ஈமச்சடங்குக்கென்று ஒதுக்கிய பணமும் அதில் இருந்தன. எடுக்கும் தொகைக்கு வரம்பு விதிக்கப்பட்டதும் வயதான பெண்கள் கிளைகளின் வாசலில் வரிசையில் நின்றார்கள். தனிநபர்களின் சேமிப்பில் ஒரு லட்சம் ராண்ட் வரை அரசு உத்தரவாதம் அளித்தது. ஆனால் சட்டத்தை மீறிப் பல நகராட்சிகள் அங்கே போட்டுவைத்திருந்தது, குடிநீருக்கும் சாலைக்கும் செலவாகியிருக்க வேண்டிய மக்கள் பணம். வங்கியின் தலைவராக இருந்தவர் 2024-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவருடைய ஆடம்பரத்தை மட்டும் காட்டி ஒரு படம் எடுத்தால் அது ஓடும் என்றுதான் அஞ்சுகிறேன்.

நாயகனை நல்லவனாக்கவோ, கடைசிக் காட்சியில் கட்டாயம் தண்டிக்கவோ நான் கேட்கவில்லை. ரசீது கைமாறும் காட்சியை அடுத்து, அந்தப் பணம் யாருடையது என்று தெரியும்படி ஒரு காட்சி வையுங்கள். படம் முடிந்தபின், நிஜத்தில் வழக்கு என்ன ஆயிற்று, இழந்தவர்களுக்கு எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று தெளிவான தமிழில் நான்கு வரிகள் போடுங்கள். விபிஎஸ் கதையை எடுக்க உங்களில் யாரேனும் முன்வந்தால், மோட்டாவின் அறிக்கை எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. அதிலுள்ள கணக்குகளைத் தமிழில் விளக்கித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கியல் ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்