கணக்கு அவளிடமே இருக்கட்டும்

மதுரை மாவட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஓட்டமும் கபடியும் சொல்லித்தருகிற பி.டி. ஆசிரியர்களுக்கும் கோச்களுக்கும்,

வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் வலி, கெண்டைக்கால் பிடிப்பு என்று உங்கள் பிள்ளைகள் வரும்போது பார்க்கிறவள். பெண் பிள்ளையை வெளியே அனுப்பத் தயங்குகிற வீட்டில் போய்ப் பேசி, அவளை ரேஸ்கோர்ஸ் மைதானம் வரைக்கும் கூட்டிவந்து நிறுத்துகிறவர்கள் நீங்கள். அந்த மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

இப்போது பல பிள்ளைகள் கையில் ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. அதில் மாதவிடாய்க் கணக்கும் வருகிறது. ஒரு பயிற்சிக் குழுவில் அந்த ஸ்கிரீன்ஷாட்டை வாரம் ஒருமுறை வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்லியிருக்கிறார்கள். குரூப்பில் பையன்களும் உண்டு. ஏன் என்று கேட்டேன். "யாருக்கு எந்த வாரம் பயிற்சியைக் குறைக்கணும்னு தெரியணுமில்ல மேடம்" என்றார் கோச். அவருடைய அக்கறை உண்மையானது. ஆனால் அந்த வாட்ச்சால் அதைச் சொல்ல முடியாது.

கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடும். அதனால் உடம்புச் சூடு சுமார் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, அடுத்த மாதவிடாய் நெருங்கும்வரை அப்படியே நிற்கும். ஓய்வில் இருக்கும்போது நாடித்துடிப்பும் நிமிடத்துக்கு இரண்டு மூன்று கூடும். சென்சார் உள்ள வாட்ச்சும் மோதிரமும் தூக்கத்தில் இந்தச் சின்ன ஏற்றத்தைத்தான் தேடுகின்றன: தோலின் சூட்டை ஒரு சென்சார் எடுக்கும், அடியில் மின்னுகிற பச்சை விளக்கு நாடியை எடுக்கும். சூடு ஏறின பிறகுதான் கருமுட்டை வெளியானது தெரியவரும். அடுத்த தேதி என்று அது காட்டுவது, போன மாதங்களை வைத்துப் போட்ட உத்தேசம். விலை குறைந்த வாட்ச்கள் பலவற்றில் சூடு பார்க்கும் சென்சாரே கிடையாது. பிள்ளை தட்டிவிட்ட தேதியைக் கூட்டிக் கழித்துக் காட்டும், அவ்வளவுதான்.

அப்புறம் நம் ஊர் வெயில். மே மாதத்தில் ஒரு ராத்திரி மொட்டைமாடியில் படுப்பார்கள், மறுநாள் டேபிள் ஃபேனுக்கு நேரே கையை நீட்டிப் படுப்பார்கள், நடுவில் கரண்ட் போகும். அரை டிகிரியைத் தேடுகிற கருவிக்கு இதுவே போதும், குழம்பிவிட. அழகர் ஆற்றில் இறங்குகிறதைப் பார்க்க விடிய விடிய விழித்திருந்தால் அன்றைய பதிவு எதற்கும் உதவாது. காய்ச்சல் வந்தாலும், முந்தின நாள் பயிற்சி கடுமையாக இருந்தாலும் நாடி ஏறும்.

வாரக் கணக்குப் பார்த்துப் பயிற்சியை மாற்றுவதற்கும் பெரிய ஆதாரம் இல்லை. 78 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2020இல் வந்த ஒரு மதிப்பாய்வு, மாதவிடாயின் முதல் நாட்களில் திறன் மிக மிகக் கொஞ்சம்தான் குறைகிறது, ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்றது. வலி இருக்கிறதா, ஓட முடியுமா என்று அந்தப் பிள்ளையிடமே கேட்பது இதைவிட நம்பகமானது.

அப்படியென்றால் கணக்கே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். காரணம் வேறு. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஹேர்லைன் ஃபிராக்சரோடு, அதாவது மயிரிழை விரிசலோடு, ஒரு பிள்ளை வந்தாள். விரலால் அழுத்தினால் எலும்பில் ஒரே ஒரு இடத்தில் துள்ளினாள். பேசிக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னாள், மாதவிடாய் வந்து பல மாதம் ஆகிறது என்று. "நிறைய ஓடினா நின்னுபோகும், நல்லதுதான்னு சொன்னாங்க அக்கா." அது நல்லதே இல்லை. ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு பத்தாதபோது உடம்பு முதலில் நிறுத்துகிறவற்றில் மாதவிடாயும் ஒன்று. அப்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனும் குறையும்; அது குறைந்தால் எலும்பும் பலம் இழக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இலேயே இதற்குப் பெயர் வைத்து எச்சரித்தது. காலையில் ஒரு டீ குடித்துவிட்டு மைதானத்துக்கு வருகிற பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். வாட்ச் இருந்தால் சரி, மாதக்கணக்கில் சேர்ந்த பதிவு டாக்டருக்கு உதவும். ஆனால் அது அவளிடமே இருக்க வேண்டும். நம் மாவட்டத்திலேயே டி.கல்லுப்பட்டிப் பக்கம் கூவலாபுரத்தில், அந்த நாட்களில் பெண்கள் ஒதுங்கித் தங்க முட்டுத்துறை என்று தனி இடம் இருப்பதை அறிவீர்கள். அங்கே போய் உட்கார்ந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். மைதானத்துக்கு வந்த பிறகுமா ஒரு பிள்ளையின் தேதி எல்லோருக்கும் தெரியவேண்டும்? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது.

அதனால் குரூப்பில் கேட்பதை இந்த வாரமே நிறுத்துங்கள், ஏற்கெனவே வந்ததை அழித்துவிடுங்கள். பிள்ளைகள் கூச்சமில்லாமல் பேசக்கூடிய ஒரு பெண் ஆசிரியரிடம் பொறுப்பை விடுங்கள். அவர் கேட்க வேண்டியது தேதியை அல்ல: மூன்று மாதமாக வராமல் இருக்கிறதா, 15 வயது ஆகியும் வயதுக்கு வரவில்லையா, இவ்வளவுதான். ஆம் என்று சொன்னால் ஸ்பைக்ஸ் ஷூவைக் கழற்றிவைத்து ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி, அம்மாவோடு மகளிர் மருத்துவரிடம் அனுப்புங்கள். அவளை அணியிலிருந்து மட்டும் எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் அடுத்த பிள்ளை வாய் திறக்க மாட்டாள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்