கண்காட்சிக்கு ஒரு பக்கம்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் கொஞ்ச காலம் படிக்காதே, எழுதாதே என்று சொல்லிவிட்டார்கள். சரி, காதாவது சும்மா இருக்க வேண்டாமே என்று ஓவியர்களும் சிற்பிகளும் தங்கள் வேலையைப் பற்றிப் பேசிய பேட்டிகளைத் தேடித் தேடிக் கேட்டேன். உன் கவலையும் அதுதானே. கண்காட்சிக்காரர்கள் உந்துதல் என்ன, பாணி என்ன என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள், சில வரிக்கு மேல் ஓடவில்லை என்று எழுதியிருந்தாய். கோபித்துக்கொள்ளாதே, நீ அனுப்பிய அந்த வரிகளை யாருடைய படத்துக்குக் கீழே ஒட்டினாலும் பொருந்தும். 'நினைவின் அடுக்குகள்', 'இருப்பின் நிலையாமை' என்றெல்லாம் நீ என்றைக்குப் பேசியிருக்கிறாய்?

கேட்டவரையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கை என்ன செய்தது என்று கலைஞர் சொல்லும்போது படம் தெளிகிறது. ஏன் செய்தேன் என்று அவரே விளக்க ஆரம்பித்தால் கொஞ்சம் உஷாராகிவிடுகிறேன்.

எல் அனாட்சூய் கானாவில் பிறந்து, நைஜீரியாவில் ந்சூக்கா என்ற ஊரில் பல்லாண்டு சிற்பம் கற்பித்தவர். அதற்கு முன் மரம், களிமண் என்று வேலை செய்துகொண்டிருந்தவருக்கு 1998-இல் ஒரு மூட்டை நிறைய மது பாட்டில் மூடிகள் கிடைத்தன. அவற்றைத் தட்டி, மடித்து, முறுக்கி, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்தார். சுவரையே மூடும் அளவுக்கு, துணிபோல மடிந்து தொங்கும் உலோக விரிப்புகள் அப்படித்தான் வந்தன. ஐரோப்பிய வணிகர்கள் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்த மது, அடிமை வணிகத்தில் அது புழங்கிய விதம் என்று மூடிக்குப் பின்னால் உள்ள வரலாற்றையும் அவர் சொல்கிறார். அந்த வரலாறு வெளியிலிருந்து ஒட்டியது அல்ல, பொருளோடு கூடவே வந்தது. இன்னொன்றும் செய்கிறார், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: இப்படித்தான் மாட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. மாட்டுகிறவர்கள் மடிப்பை மாற்றலாம். ஒரே படைப்பு அரங்குக்கு அரங்கு வேறு உருவத்தில் தொங்குகிறது. தன் படைப்பின் வடிவத்தையே இன்னொருவர் கையில் விட எத்தனை பேருக்கு மனசு வரும்?

சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் பெரிய சிலந்திச் சிலையை நீ படத்திலாவது பார்த்திருப்பாய். 1999-இல் செய்தது, 9 மீட்டருக்கு மேல் உயரம். அவருடைய பெற்றோர் பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிடும் பட்டறை நடத்தினார்கள். கிழிந்ததை எல்லாம் இழை கோத்துச் சரிசெய்த அம்மாதான் அந்தச் சிலந்தி என்று சொன்னார். இதுவரை எனக்குச் சம்மதமே. ஆனால் அவருக்கு 70 வயதான பிறகு, 1982-இல், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய பெரிய கண்காட்சியை நடத்தியது. சின்ன வயதில் தன் வீட்டில் தங்கி ஆங்கிலம் கற்றுத்தந்த பெண்ணோடு அப்பாவுக்கு இருந்த உறவைப் பற்றி அதே ஆண்டில் அவர் ஒரு பத்திரிகையில் எழுதினார். அப்புறம் அவருடைய எதைப் பார்த்தாலும் எல்லாரும் அந்தச் சின்ன வயதுக் காயத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். சிலந்தியின் வயிற்றில் பளிங்கு முட்டைகள் இருக்கின்றன. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்குப் பயம் வராமல் இருக்காது. அந்தப் பயத்துக்கு 'அது என் அம்மா' என்ற பதில் போதுமா?

என் கணக்குக்குள் அடங்காதவர் ஓவியர் அக்னெஸ் மார்ட்டின். உந்துதல் ஒன்றைத் தவிர வேறெதையும் அவர் நம்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மனதைக் காலியாக்கிக் காத்திருப்பாராம். படம் தபால்தலை அளவில் உள்ளே தோன்றுமாம். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை: அந்தத் துளியை 6 அடிச் சதுரமாகப் பெரிதாக்கப் பக்கம் பக்கமாகக் கூட்டல், வகுத்தல் போடுவார். அப்புறம்தான் அளவுகோலும் பென்சிலும். ஆகாயத்தைப் பற்றிப் பேசினாலும் கணக்குத் தப்பவில்லை பார்.

பாணி விஷயத்தில் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரை நினைத்துக்கொள். அகராதி, புகைப்படம், இயற்கை என்று பாணியே இல்லாதவைதான் பிடிக்கும் என்று 1960-களிலேயே எழுதி வைத்தவர். ஆனாலும் அவருடைய மங்கலான படங்களைத் தூரத்தில் இருந்தே அடையாளம் கண்டுவிடலாம். அதனால் பாணி கிடக்கட்டும், பார்க்கிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

மணிக்கட்டு வலியில் தூரிகையைப் பிடிக்க முடியாமல் கரிக்கட்டைக்கு வந்ததாகவும், கோடு போட்ட பிறகு பாதியைத் துணியால் அழித்துவிடுவதாகவும் போனில் சொன்னாயே, அதை எழுது. எவ்வளவு அழிக்கிறாய், எப்போது நிறுத்துகிறாய், எந்தக் காகிதம் தாங்குகிறது, எது கிழிகிறது என்று எழுது. ஒரு பக்கம் தானாக நிறைந்துவிடும். வலியைப் பற்றி மட்டும் ஒரே வரி. அதை நீட்டினால் பூர்ஷ்வாவுக்கு நடந்தது உனக்கும் நடக்கும்.

இங்கே வேறு பெரிய செய்தி இல்லை. மாடிப்படி ஏறும்போது முழங்கால் முனகுகிறது, அவ்வளவுதான். கண்காட்சித் தேதி முடிவானதும் சொல். சட்டம் போடுவதற்கு முன்பே படங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு, கண்ணாடிக்குள் போய்விட்டால் அழித்த தடம் சரியாகத் தெரியாது.

அன்புடன்,
கோமதி