ஒன்றரை நிமிடத்தை வெட்டியவர்களுக்கு

கொரிய ஊடகத் தரச்சான்று வாரியத்தினருக்கு,

வணக்கம். 2010 ஆகஸ்டில் முடிந்துபோன விஷயத்தை இப்போது கிளறுகிறேன். அன்று படத்தைப் பார்த்து முடிவெடுத்தவர்களில் பலர் இன்று உங்கள் வாரியத்தில் இருக்கமாட்டார்கள். பரவாயில்லை, நாற்காலி அதேதானே.

கிம் ஜீ-வூன் இயக்கிய 'ஐ ஸா தி டெவில்' படத்தைத்தான் சொல்கிறேன். இரண்டு முறை உங்களிடம் வந்தது, இரண்டு முறையும் 'கட்டுப்படுத்தப்பட்ட திரையிடல்' என்று முத்திரை குத்தினீர்கள். அந்த முத்திரை விழுந்த படத்தை அதற்கென்றே உள்ள தனி அரங்கில்தான் ஓட்ட முடியும். அப்படியோர் அரங்கு அப்போது உங்கள் நாட்டில் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆக, சொல்லாமல் போட்ட தடைதான் அது. மனித கண்ணியத்துக்குப் பங்கம் என்பது உங்கள் காரணம். இயக்குநர் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தை வெட்டி எடுத்த பிறகு, மூன்றாம் முறை வயது வந்தோருக்கான சான்று கிடைத்தது.

நான் பார்த்தது வெளிநாட்டுப் பிரதி. முதல் தடவை மருத்துவமனைக் காட்சியில் நிறுத்திவிட்டு எழுந்து போய் மொட்டை மாடியில் நின்றேன். நான்கைந்து நாள் கழித்துத்தான் மீதியைப் பார்க்கத் துணிச்சல் வந்தது. எனவே, 'இதெல்லாம் ஒரு வன்முறையா' என்று மார்தட்டும் ரகத்தில் என்னைச் சேர்க்கவேண்டாம். இந்தப் படத்தில் வன்முறை அதிகம்தான். ஆனால் நீங்கள் கத்தரி வைத்த இடம் தப்பு.

கதை உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எனக்குப் பட்டபடி சொல்லிவிடுகிறேன். பனி கொட்டும் இரவு. டயர் பஞ்சரான காருக்குள் ஒரு பெண். வேறொரு இடத்தில் இருக்கும் காதலனோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். பயிற்சி மையத்து வேன் ஒன்று வந்து நிற்கிறது. அதன் கண்ணாடியில் தேவதைச் சிறகு மாதிரி ஒரு விளக்கு அலங்காரம். உதவட்டுமா என்று கேட்டு, பிறகு அவளைக் கொன்றுவிடுகிறவன் ஜாங் கியோங்-சுல், சோய் மின்-சிக் நடித்தது. அந்தச் சிறகு விளக்கு எனக்கு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. ரத்தமெல்லாம் மறந்துவிட்டது, சிறகு நிற்கிறது.

அவளுடைய காதலன் கிம் சூ-ஹியோன், லீ பியோங்-ஹுன் நடித்தது. தேசிய உளவுத்துறையில் வேலை. இரண்டு வாரம் விடுப்பு எடுக்கிறான். காவல்துறையில் இருந்து ஓய்வுபெற்ற அவளுடைய அப்பா சந்தேகப்பட்டியலைத் தருகிறார். கொலைகாரன் சீக்கிரமே கையில் சிக்கிவிடுகிறான். வேறு படமாக இருந்தால் அங்கே முடிந்திருக்கும். இங்கே சூ-ஹியோன் அவனை அடித்துத் துவைத்து, தடமும் காட்டி, பேச்சையும் அனுப்பும் ஒரு குளிகையை விழுங்கவைத்து, பக்கத்தில் பணமும் வைத்துவிட்டுப் போகிறான். எழுந்து போ, திரும்பப் பிடிக்கிறேன் என்று அர்த்தம். பூனை எலியிடம் காட்டும் விளையாட்டுதான், ஆனால் இந்தப் பூனை சம்பளம் வாங்கும் அரசாங்க ஊழியர்.

படத்தின் கொடூரம் முழுவதும் இந்த விட்டுப் பிடிக்கும் ஆட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தடவை அவன் கயிறைத் தளர்த்தும்போதும் வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள். மருத்துவமனையில் அந்த நர்ஸ் என்ன பாவம் செய்தாள்? எலியை வெளியே விட்டது யார்? சூ-ஹியோன் கடைசி நொடியில் வந்து காப்பாற்றும்போது எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை, இவன் ஏன் முன்னாலேயே வரவில்லை என்றுதான் தோன்றியது. ஒட்டுக் கேட்கும் கருவி அவன் காதில்தான் இருந்தது.

நடுவில் அந்த டாக்ஸிக் காட்சி. ஓட்டுநரும் பின்சீட்டு ஆளும் கொலைகாரர்கள், அவர்களுக்கு நடுவே இன்னொரு கொலைகாரன் ஏறி உட்காருகிறான். ஓடும் காருக்குள் கேமரா சுற்றிச் சுற்றி வர, கத்தி இறங்குகிறது. கேமரா வித்தை அபாரம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஊரில் ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்களில் ஒரு நல்லவன்கூடக் கிடையாதா என்று சிரிப்பும் வந்தது. இயக்குநர் அந்த இடத்தில் தன் திறமையில் தானே மயங்கிவிட்டார்.

சரி, நீங்கள் செய்ததற்கு வருகிறேன். மனித உடலைச் சிதைப்பது, மனித மாமிசம் தின்பது சம்பந்தப்பட்ட துண்டுகள் உங்களை உறுத்தின. கண்ணுக்குப் படுவது அதுதான், புரிகிறது. ஆனால் ஒன்று யோசித்தீர்களா? பழிவாங்கும் படத்தில் அருவருப்பு ஒரு பத்தியம் மாதிரி. அது இருக்கும்வரை பார்க்கிறவனுக்குப் பழி இனிக்காது. காட்சியைச் சுத்தப்படுத்திக் கொடுத்தால் நாயகனின் ஒவ்வொரு அடியும் விசிலடிக்கும் அடியாக மாறிவிடும். ஜாங்கின் குதிகால் நரம்பு அறுபடும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பவைத்ததுதான் அந்தக் காட்சியின் நோக்கம். வெட்டுகிறவர் இதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால், வன்முறையை எளிதாக விழுங்கும்படி பதப்படுத்திக் கொடுத்ததுதான் மிச்சம்.

நியாயமாக நீங்கள் கேட்டிருக்கவேண்டிய கேள்வி வேறு. இந்தப் படத்தில் பெண்கள் எதற்காக வருகிறார்கள்? அநேகமாக எல்லோரும் சாவதற்கோ சித்திரவதைப்படுவதற்கோதான். இறந்தவளின் தங்கை போனில், இதனால் அக்கா திரும்பி வரப்போவதில்லை, விட்டுவிடுங்கள் என்கிறாள். படத்தில் ஒருவர் வாயிலிருந்து வரும் ஒரே தெளிவான பேச்சு அது. அவளையும் கதை விட்டுவைக்கவில்லை. குளிகை சமாசாரம் தெரிந்து அதை வெளியேற்றிவிட்ட ஜாங் நேராக அந்த வீட்டுக்குத்தான் போகிறான். இது எனக்கு இயக்குநரிடம் உள்ள மனத்தாங்கல், ஆனால் இதைக் கத்தரியால் தீர்க்கமுடியாது. இதைப் பற்றி விவாதிக்கத்தான் முடியும், விவாதிக்க முழுப் படம் வேண்டும்.

1996-இல் உங்கள் அரசியலமைப்பு நீதிமன்றம் திரைப்படங்களின் முன்தணிக்கையை அரசியலமைப்புக்கு விரோதம் என்று தள்ளியது. அதற்குப் பிறகு உங்களுக்கு வகைப்படுத்தும் வேலைதான். 'இது வயது வந்தோருக்கு' என்று எழுதி ஒட்டும் வேலை. ஓட்ட அரங்கே இல்லாத ஒரு வகையைப் படத்தின் கழுத்தில் கட்டிவிட்டு, வெட்டினால் கழற்றுகிறோம் என்பதற்குத் தணிக்கை என்று பேர் வைக்காவிட்டால் வேறென்ன பேர் வைப்பது? சிறுவர்கள் பார்க்கவே கூடாத படம், சந்தேகமில்லை. பெரியவர்களுக்கு வாசலில் எச்சரிக்கைப் பலகை போதும்.

கடைசிக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜாங்கின் வயதான பெற்றோரும் மகனும் வீட்டுக் கதவைத் திறக்கிறார்கள், அந்தத் திறப்பே அவனைக் கொல்லும் பொறியாக அமைக்கப்பட்டிருக்கிறது. சூ-ஹியோன் அங்கே இல்லை. தனியாகச் சாலையில் நடந்துகொண்டே காதுக்கருவியில் கேட்கிறான். அழுகையும் சிரிப்பும் பிரிக்கமுடியாதபடி முகம் கோணுகிறது. கதவைத் திறந்த அந்தப் பையனுக்கு என்ன வயது இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காட்சிக்கு எந்தத் துண்டு வெட்டு போதுமாக இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
படத்தை இரண்டு தவணையில் பார்த்து முடித்த ஒரு தமிழ் ரசிகன்