எங்களுக்காக வெள்ளரிக்காயக் கொடில விட்டு வைக்காத பாப்பா

பாப்பா,

நீ அனுப்புன போட்டோவ அம்மாவும் நானும் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தோம். மொட்டமாடில க்ரோ பேக்ல வெள்ளரிக் கொடி இவ்ளோ தூரம் ஏறும்னு நான் நெனைக்கவே இல்ல, தைல வெதை போட்டு பங்குனில காய் பாத்துட்ட, சந்தோசம். ஆனா கீழ எழுதிருந்தியே, அந்தப் பெரிய காய நாங்க மெட்ராஸ் வர்ற வரைக்கும் கொடிலயே விட்டு வைக்கிறேன்னு, அது மட்டும் வேணாம்டா. நாளைக்குக் காலைல மொத வேலையா அத அறுத்துரு.

கொடிக்கு நமக்குக் காய் குடுக்கணும்னு என்ன வேண்டுதலா, அதுக்கு வெதை முத்தணும், அவ்ளோதான். ஒரு காய்க்குள்ள வெதை முத்த ஆரம்பிச்சா சத்து பூரா அங்க போயிரும், புதுப் பிஞ்செல்லாம் வளராம மஞ்சளாகி விழும், பூக்குறதும் கொறஞ்சிரும். இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும்னு நீ காத்திருக்குற ஒரு காய்க்கு அஞ்சாறு பிஞ்சு பலியாகும். பறிக்கப் பறிக்கத்தான் வெள்ளரி காய்க்கும்.

எப்ப பறிக்கன்னு கேட்டல்ல. பொண் பூவுக்குப் பின்னாடி குட்டியா ஒரு காய் ஒட்டிக்கிட்டு இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். அந்தப் பொண் பூ விரிஞ்சதுல இருந்து எட்டுலருந்து பன்னெண்டு நாளைக்குள்ள காய் ரெடியாயிரும், வெயில் அதிகமா இருந்தா இன்னும் சீக்கிரம். நீ போட்டது நீட்டமான பச்சை ரகம், ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் கொறைவா இருக்கும்போதே எடுத்துரு. பாக்கெட்ல போட்டிருக்குற நீளத்த ஒரு தடவ பாத்துக்க, ஏன்னா நம்மூரு நாட்டு வெள்ளரி வெளிர் பச்சையாதான் இருக்கும், அத இன்னும் சின்னதுலயே பிஞ்சாப் பறிச்சிரணும், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல உப்பு மொளகாப்பொடி தூவிக் குடுப்பாங்களே அந்த சைசு.

நீளத்த விட கைதான் நல்லா சொல்லும். லேசா அமுக்கிப் பாரு, கல்லு மாதிரி கிண்ணுன்னு இருக்கணும். மேல சின்னச் சின்னதா சுணை குத்துனா இளசுன்னு அர்த்தம், துணில தொடச்சா போயிரும். வயிறு உப்பிப்போயி நுனில மஞ்சள் ஏறுச்சுன்னா முத்திருச்சு, உன் போட்டோல நுனி லேசா அப்பிடித்தான் தெரியுது. ஆனா தரைல படுத்துக் கெடக்குற காய்க்கு அடிப்பக்கம் வெயில் படாம வெளுத்திருக்கும், அதப் பாத்துப் பயந்துறாத. குறுக்க வெட்டிப் பாத்தா தெளிவாத் தெரியும், இளங்காய்ல வெதை பல்லுக்கே தெரியாது, முத்துனதுல தோடு கெட்டியாகி நடுவுல வழவழன்னு தண்ணியாக் கெடக்கும். அப்பிடி இருந்தாலும் தூக்கிப் போடாத, வெதைய வழிச்சிட்டு பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வையி.

பறிக்கிறது காலைலதான், எலைல இருக்குற ஈரம் காஞ்ச ஒடனே. ஈரத்தோட கொடிய அளைஞ்சா நோவு ஒண்ணுலருந்து ஒண்ணுக்குப் பரவும். மத்தியானம் பறிச்சா காய் சூடா இருக்கும், சீக்கிரம் துவண்டுரும். கையால திருகி இழுக்காத, வெள்ளரிக்கு வேரு மேலாகத்தான் ஓடும், ஒரு இழுப்புல கொடியே ஆட்டங்கண்டுரும். ஒரு கைல காயப் புடிச்சுக்கிட்டு, கத்திரிக்கோலால கால் இஞ்ச் காம்பு காயோட இருக்குற மாதிரி வெட்டு. அப்புறம் எலையத் தூக்கித் தூக்கிப் பாரு பாப்பா, எலையும் பச்சை காயும் பச்சை, நேத்து இல்லாதது இன்னைக்குத் தடியாத் தொங்கும், வெயில் காலத்துல ஒருநாள் விட்டு ஒருநாளாவது பாத்தே ஆகணும்.

ஒரு முனை குண்டா ஒரு முனை சூம்பிப் போயி வந்தா பெரும்பாலும் மகரந்தம் சரியா சேரலன்னு அர்த்தம், உன் நாலாவது மாடிக்குத் தேனீ எங்க ஏறி வரும், காலைல ஆண் பூவ ஒண்ணு பிச்சு பொண் பூவுக்குள்ள லேசாத் தடவி விடு. சூம்புனத நிமிரும்னு வச்சிருக்காத, வெட்டிரு.

கசப்புக்கு முக்கியமான காரணம் தண்ணி. ஒருநாள் காயப்போட்டு ஒருநாள் குளிப்பாட்டுனா கசக்கத்தான் செய்யும். கசப்பு காம்புப் பக்கமும் தோலுக்கு அடிலயும்தான் நிக்கும். ஒங்க அப்பத்தா காம்புப் பக்க நுனிய வெட்டித் தேச்சு நுரை எடுப்பாங்க, நுரையில போச்சோ இல்லையோ, அந்தத் துண்ட வெட்டி எறிஞ்சதுல பாதிக் கசப்பு போயிரும். நாக்குல வைக்க முடியாத அளவுக்குக் கசந்தா மட்டும் முழுசாவே குப்பைல போட்டுரு, கசந்த சுரைக்கா ஜூஸக் குடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க கதைல்லாம் பேப்பர்ல வந்துச்சே, இதுவும் அதே குடும்பம்.

பிரிட்ஜ்ல ரொம்பக் குளிர்ற மேல்தட்டுல வைக்காத, பத்து டிகிரிக்குக் கீழ நாள்கணக்கா இருந்தா குழி விழுந்து நொசநொசன்னு ஆயிரும். கீழ காய்கறி டப்பால பேப்பர் சுத்தி வையி, பக்கத்துல தக்காளி வாழைப்பழம் வேணாம், அதுங்களோட சேந்தா சீக்கிரம் மஞ்சளாயிரும்.

வெதைக்கு ஆசைன்னா கொடி ஓயுற சமயத்துல நல்ல காயா ஒண்ண விட்டு நல்லாப் பழுக்க வையி, அதுக்கு இப்ப அவசரமில்ல, ஹைப்ரிட் வெதைன்னா அதுவும் வேணாம், அடுத்த தடவ அதே மாதிரி வராது.

அடுத்த வாரம் ஆபீஸ் வேலையா பெங்களூர் போறேன்னு சொன்னியே, கீழ்வீட்டு அக்காட்ட தண்ணி ஊத்த மட்டும் சொல்லிட்டுப் போகாத, காயையும் அறுத்து அவங்களே சாப்ட்டுக்கச் சொல்லு.

அப்பா