அக்டோபர் மாதத்துச் சிவப்புக் கட்டம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆடிப்பெருக்கு முடிந்து, 2027-ஆம் ஆண்டுக்கான காலண்டர் மாதிரி ஆல்பங்கள் சிவகாசியிலிருந்து ஆண்டர்சன் தெருவுக்கு வந்துவிட்டன. வழக்கமாக இந்த நேரத்தில் விலைப்பட்டியல் மட்டும் அனுப்புவோம். இந்த முறை அதோடு ஒரு விளக்கமும் உங்களுக்குத் தர வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு விடுமுறைகளையும் சேர்த்து நாங்கள் போடும் மேசைக் காலண்டரில், அக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமையில் அச்சாகும் பெயரைப் பற்றியது அது.

2025 வரை அந்தக் கட்டத்தில் "கொலம்பஸ் தினம், அமெரிக்கா" என்று சிவப்பில் போட்டுவந்தோம். ஓரத்தில் சின்னதாக ஒரு பாய்மரக் கப்பல் படமும் இருக்கும். 2026 காலண்டரில் அதை எடுத்துவிட்டு "பூர்வகுடிகள் தினம்" என்று மட்டும் அச்சிட்டோம். உங்களில் யாரிடமும் சொல்லவில்லை. ஜனவரி முதல் வாரத்திலேயே போன் வர ஆரம்பித்துவிட்டது. அமெரிக்க நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் ஓர் அலுவலகத்திலிருந்து பேசியவர், "எங்களுக்கு அங்கிருந்து வரும் பட்டியலில் கொலம்பஸ் தினம் என்றுதான் இருக்கிறது, உங்கள் காலண்டரில் தேடினால் காணோமே" என்றார். அவர் சொன்னது சரி. அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் அந்த விடுமுறையின் பெயர் இன்னமும் கொலம்பஸ் தினம்தான். காலண்டரை நம்பி வேலையைத் திட்டமிடுகிறவர்களிடம் சொல்லாமல் பெயரை மாற்றியது எங்கள் தவறு. மன்னிக்க வேண்டுகிறோம்.

ஆனால் மாற்ற நினைத்தது தவறில்லை என்றுதான் இன்றும் நம்புகிறோம். ஏன் என்று எழுதுகிறோம்.

காலண்டர் போடுகிறவனுக்குச் சிவப்பு மை சாதாரண விஷயமில்லை. ராகு காலம், எமகண்டம், முகூர்த்த நாள், தலைவர்களின் நினைவு நாள் எல்லாம் கருப்பில், பொடி எழுத்தில் போய்விடும். ஒரு தேதியைச் சிவப்பாக்கினால், கடையை மூடலாம், பள்ளி இல்லை, எல்லோரும் சேர்ந்து மகிழலாம் என்று ஒரு நாடே சொல்வதாக அர்த்தம். நம் மாநிலத்தில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் நிறுவனங்கள் கட்டாயம் விட வேண்டிய தேசிய விடுமுறைகள் நான்குதான்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. அதற்கு மேல் ஐந்து பண்டிகை நாட்கள். அந்த நான்கில் ஒரு தனி மனிதருக்காக விடுவது காந்தி பிறந்த நாள் ஒன்றுதான். அத்தனை அரிதான இடம் அது.

கொலம்பஸ் அந்த இடத்தில் எப்படி உட்கார்ந்தார்? "அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் கொலம்பஸ், இந்தியாவுக்குக் கடல்வழி கண்டவர் வாஸ்கோடகாமா" என்று பள்ளியில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். 1492 அக்டோபர் 12 அன்று கொலம்பஸ் இறங்கியது பஹாமாஸ் தீவுகளில் ஒன்றில். அங்கே மனிதர்கள் இருந்தார்கள், ஊர் இருந்தது, அந்தத் தீவுக்கு குவானஹானி என்று பெயரும் இருந்தது. நம் நாட்டுப் பக்கம் வந்துவிட்டதாக நினைத்து அவர்களை இந்தியர்கள் என்று அழைத்தார். கிரிக்கெட் பார்க்கும்போது நாம் வெஸ்ட் இண்டீஸ் என்கிறோமே, அந்தப் பெயர் அந்தப் பிழையின் மிச்சம்.

பிழை யாருக்கும் வரும், அதற்காக ஒருவரை ஒதுக்க முடியாது. அதற்குப் பிறகு நடந்ததுதான் கனமானது. கரீபியக் கடலில் உள்ள ஹிஸ்பானியோலா தீவில் அவர் ஆளுநராக இருந்தபோது, தங்கம் கிடைத்த பகுதிகளில் வாழ்ந்த 14 வயதுக்கு மேற்பட்ட டைனோ பூர்வகுடி மக்கள் ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சிறு மணி கொள்ளும் அளவு தங்கம் வரியாகக் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். 1495-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து அடிமைகளாக விற்க ஸ்பெயினுக்குக் கப்பல் ஏற்றினார்கள். அவர்களில் சுமார் 200 பேர் கடலிலேயே இறந்தார்கள். உடல்களைக் கடலில் வீசினார்கள். சில பத்தாண்டுகளில் அந்தத் தீவின் மக்கள் நோயாலும் கொடும் வேலையாலும் ஏறக்குறைய இல்லாமலே போனார்கள்.

இதை நாங்கள் காலண்டர் வேலைக்காகத் தேடிப் படிக்கவில்லை. நியூ ஜெர்சியில் மகள் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் அம்மா, இரண்டு வருடம் முன்பு கடைக்கு வந்தபோது, "என் பேத்தி பள்ளியில் இதைப் படித்துவிட்டு வந்து, பாட்டி, இதை ஏன் உங்கள் ஊர்க் காலண்டரில் சிவப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை" என்றார். எங்களுக்கும் தெரியவில்லை. அங்கே இருக்கும் பட்டியலை எடுத்து அப்படியே அச்சிட்டுக்கொண்டிருந்தோம்.

"அந்தக் காலத்து ஆளை இந்தக் காலத்துத் தராசில் நிறுக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அவருடைய காலத்தவர்களே அவரை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1500-இல் ஸ்பெயின் அரசு அனுப்பிய அதிகாரி போபடில்லா, அவருடைய ஆட்சியைப் பற்றி வந்த புகார்களை விசாரித்து, அவரைக் கைது செய்து விலங்கிட்டுக் கப்பலேற்றி அனுப்பினார். பார்தலோமே தெ லாஸ் காஸாஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார், அந்தத் தீவுகளில் தன் கண்ணால் கண்ட கொடுமைகளைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார். இன்றைக்கு நாம் உட்கார்ந்துகொண்டு புதிதாகக் கண்டுபிடித்த குற்றம் இல்லை இது.

வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார், நாற்பது வருட வாடிக்கையாளர், வேறு மாதிரி சண்டை போட்டார். "தம்பி, அந்த ஆள் கப்பல் விடாமல் இருந்திருந்தால் உன் வீட்டு ரசத்தில் தக்காளி ஏது, சட்னியில் மிளகாய் ஏது?" என்றார். உண்மைதான். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கடலை, கொய்யா, பப்பாளி எல்லாம் அந்தப் பயணங்களுக்குப் பிறகு, போர்த்துக்கீசியர் வழியாகவும் மற்றவர்கள் வழியாகவும் நம்மிடம் வந்தவை. அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான். மிளகாய் என்ற பெயரிலேயே மிளகு இருக்கிறது. அன்று ராத்திரி சாப்பிடும்போது இதை வெகுநேரம் யோசித்தேன். மிளகாயைக் காட்டிலிருந்து எடுத்து, ஆயிரக்கணக்கான வருடம் விதை பொறுக்கி, பயிராக்கித் தந்தவர்கள் மெக்சிகோ பக்கத்து உழவர்கள். தக்காளியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்ததும் அந்தக் கண்டத்து மக்கள்தான். ஏற்றி வந்தவருக்கு விழா எடுத்து, விளைய வைத்தவர்களை மறப்பது எந்த ஊர் வழக்கம்? வாத்தியாரிடம் மறுநாள் சொன்னேன். "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எதிர்ப்பக்கம் இருக்கும் ஒரு வலியையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இந்த நாளைப் பிடித்து வைத்திருப்பவர்களில் பலர் இத்தாலியிலிருந்து பிழைக்கப் போனவர்களின் வம்சம். 1891-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்றது. அடுத்த வருடம் ஜனாதிபதி ஹாரிசன் கொலம்பஸ் வந்த 400-ஆம் ஆண்டைக் கொண்டாடச் சொன்னபோது, இத்தாலியில் பிறந்த ஒருவரை நாடே வாழ்த்தியது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். நாங்களும் இந்த நாட்டவர்தான் என்று தலை நிமிர்ந்து சொல்ல ஒரு நாள் கிடைத்தது. பிழைக்கப் போன இடத்தில் இழிவுபட்டவர்களின் கதை நம் ஊர்க் குடும்பங்களுக்குத் தெரியாததா? மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதனால் அந்த மக்களை நாங்கள் கேலியாகப் பார்க்கவில்லை. அவர்கள் பெருமைப்பட ஒரு நாள் வேண்டும். அதற்கு வேறு பெயர் கிடைக்கும் என்பதே எங்கள் எண்ணம்.

சரி, அமெரிக்காவின் சண்டை நமக்கு எதற்கு? நம் சென்னை இதே கேள்விக்கு முன்பே பதில் சொல்லியிருக்கிறது. மவுண்ட் ரோடில் கர்னல் நீல் என்பவருக்கு ஒரு சிலை இருந்தது. 1857-இல் அலகாபாத், கான்பூர் பக்கம் கிளர்ச்சியை அடக்கப் போய், விசாரணை இல்லாமல் கணக்கில்லாதவர்களைத் தூக்கிலிட்டவர். 1927-இல் அந்தச் சிலையை எடுக்கச் சொல்லி இளைஞர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறைக்குப் போனார்கள். உடனே நடக்கவில்லை. 1937-இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் சிலை அங்கிருந்து நகர்ந்தது. உடைக்கவில்லை, எழும்பூர் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இதே ஊரில் தாமஸ் மன்றோ இன்றும் தீவுத்திடல் அருகே குதிரைமேல் இருக்கிறார், யாரும் எடுக்கச் சொல்லிப் பெரிய போராட்டம் நடத்தவில்லை. வெள்ளைக்காரர் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டாமல், அவரவர் செய்ததைப் பார்த்துத்தான் இந்த ஊர் முடிவு செய்திருக்கிறது. இது எங்களுக்கு மிகவும் பிடித்த விஷயம்.

வாஸ்கோடகாமாவும் அப்படித்தான். 1498-இல் கோழிக்கோடு அருகே காப்பாட்டில் வந்து இறங்கினார். ஆப்பிரிக்கக் கரையில் மாலிந்தியிலிருந்து கடலைக் கடக்க வழி தெரிந்த ஒரு மாலுமியைக் கூட்டிக்கொண்டுதான் வந்தார். இரண்டாவது முறை, 1502-இல், மெக்கா யாத்திரை முடிந்து பெண்கள், குழந்தைகளோடு திரும்பிய கப்பலைக் கொள்ளையடித்துக் கொளுத்தினார். காப்பாட்டில் அவர் வந்ததைச் சொல்லும் ஒரு கல் இருக்கிறது. போய்ப் பார்க்கலாம், படிக்கலாம். அந்தத் தேதிக்கு இங்கே யாரும் விடுமுறை விடவில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் நாங்கள் சொல்ல வருகிறோம்.

ஒரே தேதி இரண்டு விதமாகச் சிவப்பாவதையும் எங்கள் மேசைக் காலண்டரிலேயே பார்க்கலாம். ஜனவரி 26 நமக்குக் குடியரசு நாள். 1930-இல் முழு விடுதலை உறுதிமொழி எடுத்த நாள் என்பதால் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் அன்றைக்கே தேசிய நாள், 1788-இல் பிரிட்டிஷ் கப்பல்கள் சிட்னி கரையில் குடியேற்றத்தைத் தொடங்கிய நாள் என்பதால். அங்கே பூர்வகுடியினர் 1938-இலேயே அதைத் துக்க நாளாக அறிவித்துக் கூடினார்கள். நாம் கொடியேற்றும் அதே காலையில் அங்கே சிலர் அழுகிறார்கள். அந்தக் கட்டத்தில் இரண்டு கொடிப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்ட பழைய வடிவத்தை இந்த வருடம் முதல் நிறுத்துகிறோம். பெயர் மட்டும் இருக்கும்.

ஆகஸ்ட் 22-ஐச் சிவப்பில் போடச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். சென்னை தினம் எங்களுக்கும் பிரியமான நாள். ஆனால் 1639-இல் இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர், பிரான்சிஸ் டே வேலை பார்த்த கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொஞ்சம் கடற்கரை நிலத்தை விட்டுக்கொடுத்த நாள் அது. ஊர் அதற்கு முன்பே இருந்தது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அதனால் கருப்பு எழுத்தில் "சென்னை தினம்" என்று போடுவோம், அரசு விடுமுறை இல்லாத நாளைச் சிவப்பாக்க எங்களுக்கு உரிமையும் இல்லை.

இனி 2027-இல் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிடுகிறோம். அந்த வருடம் இரண்டாவது திங்கள் அக்டோபர் 11. தேதி சிவப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் அன்று அமெரிக்கத் தபால் நிலையமும் மத்திய அரசு அலுவலகமும் மூடியிருக்கும், உங்கள் வேலைக்கு அது தெரிய வேண்டும். தேதிக்குக் கீழே பெரிய எழுத்தில் "அமெரிக்க அரசு விடுமுறை" என்று வரும். அதற்கடியில் பொடி எழுத்தில் "சட்டப்படி கொலம்பஸ் தினம், பல மாநிலங்களில், நகரங்களில் பூர்வகுடிகள் தினம்" என்று இரண்டும் வரும். தெற்கு டகோட்டா மாநிலம் 1990-லிருந்தும் பெர்க்லி நகரம் 1992-லிருந்தும் பெயரை மாற்றிவிட்டன, 2021-இல் ஜனாதிபதி பைடனும் பூர்வகுடிகள் தினப் பிரகடனம் வெளியிட்டார். ஆகவே ஒரு பெயரை மட்டும் போட்டால் யாரோ ஒருவருக்குத் தகவல் தவறும். கப்பல் படம் வராது.

உங்கள் நிறுவனப் பெயரில் தனியாக அடிக்கச் சொல்லும் காலண்டர்களில் நீங்கள் தரும் பட்டியலை ஓர் எழுத்து மாற்றாமல் அச்சிடுவோம். எங்கள் கருத்தை உங்கள் பெயரில் திணிக்க மாட்டோம். மேலே சொன்னது எங்கள் கடைப் பெயரில் விற்பவற்றுக்கு மட்டும். 2026 மேசைக் காலண்டர் இன்னும் மேசையில் இருப்பவர்கள் கடைக்கு வந்தால், அக்டோபர் 12-க்கு ஒட்டிக்கொள்ள திருத்திய ஸ்டிக்கர் தருகிறோம், பணம் வேண்டாம். மொத்தமாக வாங்கியவர்களுக்கு நாங்களே அனுப்பிவைக்கிறோம்.

2027 ஆர்டருக்கான புரூப் இந்த முறை அச்சுக்குப் போகும் முன் உங்கள் எல்லோருக்கும் வரும். விடுமுறைப் பக்கத்தைத் தயவுசெய்து ஒருமுறை படித்துப் பாருங்கள். மாற்றம் எதுவானாலும், எங்களோடு சண்டை போடுவதானாலும், ஆயுத பூஜைக்கு முன் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு சிவகாசியில் மெஷின் நிற்காது.

அன்புடன்,
உங்கள் காலண்டர் கடை,
ஆண்டர்சன் தெரு, பாரிமுனை, சென்னை