கியூ மாளிகைச் சுவரும் சிமெண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டன் கியூ தோட்டத்துச் செங்கல் மாளிகை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் இரண்டு பிழைகள். ஒன்று சிறியது: சுவரின் சிவப்பு ‘பெயிண்ட்’ அல்ல, காவி கலந்த சுண்ணாம்பு. பழைய பூச்சின் தடயம் சுவரிலேயே கிடைத்ததால், 2006-இல் முடிந்த புதுப்பிப்பில் அதே நிறத்தைத் திரும்ப அடித்தார்கள்.

இரண்டாவதை விட்டுவிட முடியாது. ‘காரை உதிர்ந்த இடங்களில் சிமெண்டால் பூசினால் இன்னும் உறுதியாக நிற்குமே’ என்கிறார் கட்டுரையாளர். வேண்டவே வேண்டாம்.

1631-இல் சாமுவேல் ஃபோர்ட்ரே என்ற வணிகர் கட்டிய வீடு இது. ஒவ்வொரு வரியிலும் நீளப் பக்கம் தெரியும் நெடுக்குக் கல் ஒன்று, முனை மட்டும் தெரியும் குறுக்குக் கல் ஒன்று என மாறி மாறி வரும் ‘பிளெமிஷ் பாண்ட்’ என்ற செங்கல் கட்டுமுறையை இங்கிலாந்தில் முதன்முதலாகக் கையாண்ட வீடுகளில் ஒன்று. கண்ணுக்கு அழகான கட்டு. மூலையில்தான் கொத்தனாரின் கை தெரியும். மூலைக் குறுக்குக் கல்லை ஒட்டி, ‘குயின் குளோசர்’ எனப்படும், நீளவாட்டில் இரண்டாகப் பிளந்த கல் ஒன்றை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் மேல் வரியின் செங்குத்து இணைப்பும் கீழ் வரியின் இணைப்பும் ஒரே கோட்டில் விழும், விரிசல் அந்த வழியே இறங்கும்.

அக்காலச் செங்கல் மென்மையானது, ஈரம் குடிப்பது. கற்களுக்கு இடையே இணைப்புகளில் இருக்கும் சுண்ணாம்புக் காரை அதைவிட மென்மை. சுவரின் ஈரம் இணைப்பு வழியே வெளியேறும், தேய்வதும் காரைதான். சிமெண்ட் இணைப்பை அடைத்துவிட்டால் ஈரம் கல் வழியே வரும். பனிக்காலத்தில் அது உறைந்து விரியும்போது கல்லின் முகம் செதில் செதிலாகப் பெயரும். முகம் போன கல்லுக்கு மருந்தில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும்.

சரியான முறை கடினமானதல்ல. இணைப்பின் அகலத்தைப் போல் இரு மடங்கு ஆழத்துக்குப் பழைய காரையை உளியால் சுரண்ட வேண்டும். மெஷின் கட்டர் பட்டால் கல்லின் விளிம்பு போய்விடும். தூசி தட்டி, நன்றாக நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்பு விழுதுக்கு மூன்று பங்கு மணல் கலந்த காரையை அழுத்தித் திணிக்க வேண்டும். பிறகு பல நாள் ஈரச் சாக்கு தொங்க வேண்டும். சட்டென்று காய்ந்தால் காரை பொடியாகிவிடும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

கட்டுரையின் யோசனையைத் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்