ஊர் சபையில் பெயர், ஓ.எம்.ஆரில் ஆள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். வேலைக்காகச் சென்னைக்கு வந்த பிள்ளைகள் சபையை மறந்துவிட்டார்கள் என்று போன இதழில் ஒரு பெரியவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவர் வருத்தம் உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அப்படி வந்தவர்களில் ஒருத்தியாக எனக்கும் சொல்ல இருக்கிறது. நாங்கள் மறக்கவில்லை. எங்கே போய்ச் சேர்வது என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டுப் பக்கம். ஞானஸ்நானம், அதன்பிறகு திருவிருந்தில் பங்கு பெறுவதற்கான திடப்படுத்தல் எல்லாம் அங்கேதான். அங்கத்தினர் சபைக்குச் செலுத்தும் சங்கக் காணிக்கையை என் பெயருக்கு இன்றைக்கும் அப்பா கட்டிக்கொண்டிருக்கிறார். அசனம் என்கிற சபை விருந்துக்கு ஊருக்குப் போனால் பந்தியில் உட்கார இடம் பிடித்து வைத்திருப்பார்கள், ஐயர், அதாவது எங்கள் ஆயர், பெயர் சொல்லிக் கூப்பிடுவார், நான் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் சொன்ன கதையை யாராவது ஒரு பெரியம்மா எடுப்பார். ஊர் சபைப் பதிவேட்டில் நான் அப்பாவின் குடும்பத்தில் ஒரு வரி. வருஷம் முழுக்க நான் இருப்பதோ காரப்பாக்கத்தில் ஒரு ஹாஸ்டல் அறையில், இன்னும் இரண்டு பேரோடு.

எங்கள் வாரம் எப்படிப் போகிறது என்று ஊரில் பலருக்குத் தெரியாது. அமெரிக்க வாடிக்கையாளருக்கான வேலை என்பதால் மத்தியானம் கிளம்பி நடுராத்திரிக்கு மேல் கேப்பில் திரும்புகிறேன். மாதத்தில் சில வார இறுதிகளில் கூப்பிட்டால் உடனே லேப்டாப்பைத் திறக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதான் துணி துவைக்கிற நாள், அம்மாவிடம் நிதானமாகப் பேசுகிற நாள், தூங்குகிற நாள். மெட்ரோ வேலை நடக்கிற ஓ.எம்.ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், காலை எட்டு மணி ஆராதனைக்குப் போய் வருவது லேசு இல்லை. அப்படியும் பல பேர் போகிறோம். என் அறைத் தோழி ஆர்.சி., அவள் பங்கில் அன்பியம் என்கிற சிறு குழுக் கூட்டங்கள் ஒழுங்காக நடக்கின்றன, ஆனால் அது வீடு வீடாகக் கூடுவது. ஹாஸ்டலில் இருப்பவளுக்கு வீடு ஏது? அவளும் திருப்பலி முடிந்ததும் யாரோடும் பேசாமல் பஸ் பிடித்து வருகிறாள்.

நான் போகும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இது அந்த ஒரு ஆலயத்தின் குறை இல்லை. வந்த புதிதில் பாடகர் குழுவில் சேரலாமா என்று கேட்டேன், ஊரில் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடியவள். அங்கத்தினராக இருக்க வேண்டும் என்றார்கள். அங்கத்தினராவது எப்படி என்றால், ஊர் சேகரத்திலிருந்து (ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகள்) மாற்றல் கடிதம் வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். "இங்க பேரை எடுத்துட்டா நாளைக்கு உனக்கு ஓலை எங்க வாசிப்பாங்க?" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் ஆலயத்தில் வாசிக்கிற அறிவிப்புதான் ஓலை. அவர் கேட்டதில் தப்பில்லை. அவருக்குச் சபை என்றால் ஓலை வாசிக்கிற இடம், கல்லறைத் தோட்டத்தில் தாத்தா பாட்டிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிற இடம். எனக்கும் அது வேண்டும். ஆனால் நான் காய்ச்சலில் கிடந்தால் யார் வருவார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. இரண்டு ஊரில் ஒருத்திக்குப் பெயர் இருக்கக் கூடாதா? எங்கள் தலைமுறையில் முக்கால்வாசிப் பேர் இரண்டு ஊரில்தானே வாழ்கிறோம்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். புதிதாக ஒரு பெண் வந்தால் அன்போடுதான் பேசுகிறார்கள், எந்த ஊர், அப்பா பெயர் என்ன, அப்பா என்ன பண்றாங்க, எந்தச் சேகரம் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு ஊரும் தெருவும் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். பதில் பிடித்திருந்தால் முகம் மலர்கிறது, இல்லையென்றால் பேச்சு அத்தோடு நின்றுவிடுகிறது. என்னோடு வந்துகொண்டிருந்த ஒரு தோழி அந்தக் கேள்விக்குப் பயந்தே வருவதை நிறுத்திவிட்டாள். அவள் விசுவாசத்தில் ஒரு குறையும் கிடையாது. இன்றைக்கும் ஹாஸ்டலில் எனக்கு முன்னால் எழுந்து ஜெபம் பண்ணுகிறவள் அவள்தான்.

திடப்படுத்தல் வகுப்பு முடிந்தது முதல் கல்யாணத்துக்கு முந்தைய ஆலோசனை வரைக்கும் எங்களுக்கென்று சபையில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வாலிபர் சங்கம் இருக்கிறது, அதில் கேரல் ரவுண்ட்ஸும் விளையாட்டுப் போட்டியும் நடக்கும், அதில் எனக்கும் சந்தோஷம்தான். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் போய் உட்கார்ந்தால் "உனக்கு எப்பம்மா கல்யாணம்?" அதற்கு நடுவில் நாங்கள் வளர்ந்துவிடுகிறோம், கேள்விகளும் வளர்ந்துவிடுகின்றன. ஆபீசில் ஆள் குறைக்கிறார்கள், கூட உட்கார்ந்திருக்கிறவளின் வேலை போய் என் வேலை தப்பினால் அதற்காக நன்றி செலுத்தலாமா? சம்பளத்தில் பாதி வீட்டுக் கடனுக்கு ஊருக்குப் போகும்போது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை எதில் கணக்குப் பார்ப்பது? வேறு மதத்துப் பையனை விரும்புகிற தோழிக்கு என்ன சொல்வது? ஓய்வுநாள் பள்ளியில் எனக்குக் கொடுத்த பதில்கள் இதற்குப் பத்தவில்லை. பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உட்கார்ந்து கேட்கிற ஒருவர் இருந்தால் போதும்.

ஒரு தடவை வேதபாட வகுப்பில், பெரிய வெள்ளி அன்று இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஆண்களே ஏன் பிரசங்கம் பண்ணுகிறார்கள் என்று கேட்டேன். தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது, 2013ல் ஆந்திராவில் நந்தியால் திருமண்டலத்துக்கு (பேராயரின் கீழ் உள்ள சபைகளின் வட்டாரம்) ஒரு பெண்ணே பேராயர் ஆனார். சிலுவையின் அருகே நின்றவர்களில் பெண்கள்தான் அதிகம் என்று சுவிசேஷமே சொல்கிறது. "அதெல்லாம் பெரியவங்க பார்த்துப்பாங்க" என்று அடுத்த அதிகாரத்துக்குப் போய்விட்டார்கள். சண்டைக்காகக் கேட்கவில்லை. இது என் சபை என்ற உரிமையில் கேட்டேன்.

என்னோடு வேலை பார்க்கும் பல சி.எஸ்.ஐ. பிள்ளைகள் இப்போது ஓ.எம்.ஆரில் அரங்கங்களில் கூடும் சுயாதீன சபைகளுக்குப் போகிறார்கள். பாட்டுக்கும் டிரம்ஸுக்கும் மயங்கிப் போகிறார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். அது பாதிகூட உண்மை இல்லை. நானும் போய்ப் பார்த்தேன். பெயரையும் எங்கே தங்கியிருக்கிறாய் என்பதையும் மட்டும் கேட்டார்கள், அதே வாரத்தில் ஒரு அக்கா போன் பண்ணி "சாப்பிட்டியாம்மா?" என்றார். அதற்காகத்தான் போகிறார்கள். நான் அங்கே தங்கவில்லை. காரணம், அங்கே சுற்றிப் பார்த்தால் எல்லாரும் என் வயது, என் சம்பளம், என் கவலை. கைத்தடி ஊன்றி வரும் தாத்தாவும் திருவிருந்தில் என் பக்கத்தில் முழங்கால்படியிடும் வேலைக்கார அக்காவும் இருந்தால்தான் எனக்கு அது சபை. அந்தச் செல்வம் நம்மிடம் இருக்கிறது. அதற்குள் நுழைய எங்களுக்கு வழிதான் இல்லை.

நம் முன்னோர்கள் இப்படி இருக்கவில்லை. விசுவாசத்துக்காகச் சொந்த ஊரில் துன்பப்பட்டவர்களுக்கு இடம் வாங்கிக் குடியேற்றி 1799ல் உண்டாக்கிய ஊர்தான் தூத்துக்குடி மாவட்டத்து முதலூர். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழர்கள் பிழைக்கப் போனபோது திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களும் (வேதம் போதிக்கும் சபை ஊழியர்கள்) கடல் தாண்டிப் போனார்கள், லயன்கள் என்ற வரிசை வீடுகளில் கூலிக்காரர்களைத் தேடிப் போய் ஜெபம் நடத்தினார்கள். மாற்றல் கடிதம் கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு இங்கேயே இருந்துவிடவில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னால் பேராயரான அசரியா 1903ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்க முன்நின்றபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இன்றைக்கு அந்த வயதில் இருக்கும் எங்களிடம் நற்கருணைக்கு நாற்காலி போடுவதைத் தவிர வேறு எதுவும் கொடுப்பதில்லையே, அது ஏன்?

பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரைக்கும் எத்தனை ஹாஸ்டல்கள். அவற்றில் தென்மாவட்டத்துச் சபைப் பிள்ளைகள் இல்லாத ஹாஸ்டல் அபூர்வம். அந்தச் சாலைக்கென்று ஒரு உபதேசியாரை, முடிந்தால் ஒரு பெண் ஊழியரை, திருமண்டலங்கள் சேர்ந்து அனுப்ப முடியாதா? ஊர் அங்கத்துவத்தை விடாமலே நகரத்துச் சபையில் எங்கள் பெயரைத் தனியாக எழுதிக்கொள்ள ஒரு ஏடு போதும், ஓட்டு வேண்டாம், பதவி வேண்டாம், பாடகர் குழுவில் ஒரு இடமும் சுகமில்லாதபோது ஒரு ஆளும் போதும். விதி அனுமதிக்கவில்லை என்றால் விதியை மாற்றுங்கள், சபைத் தேர்தல் நேரத்தில் எங்களை ஊருக்கு வரவழைக்க வண்டி ஏற்பாடு பண்ணத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியம் இல்லை.

இதைப் படிக்கும் ஊர் ஐயர்மாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சபையிலிருந்து ஒரு பிள்ளை வேலைக்கென்று ரயில் ஏறினால், அவள் எங்கே தங்கப் போகிறாள் என்று கேட்டு, அந்தப் பகுதி ஆயருக்கு அன்றைக்கே ஒரு போன் பண்ணிவிடுங்கள். நகரத்து ஆயர்மாரே, அந்தப் போன் வந்தால் அந்த வாரமே அவளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முன்னால் கூப்பிட்டால் நாங்கள் எடுப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரப்பாக்கம், சென்னை